ஆய்வேட்டுக்குக் கட்டுரை தேடுகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

ஆய்வேட்டுக்கும் பருவக் கட்டுரைக்கும் முந்தைய ஆய்வுகளைத் திரட்டுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: என் தலைப்பு இரவுப் பணி செய்யும் செவிலியர்களின் தூக்கம் பற்றியது. முழுத் தலைப்பையும் அப்படியே ஆங்கிலத்தில் அடித்துத் தேடினேன். ஏழெட்டுக் கட்டுரைகள்தான் வந்தன. "இந்தத் தலைப்பில் ஆய்வே நடக்கவில்லை, அதையே ஆய்வு இடைவெளி என்று எழுதிவிடு" என்கிறார் தோழி. எழுதலாமா?
– செவிலியத் துறை முதுநிலை மாணவி

தயவுசெய்து எழுதாதீர்கள். இந்தப் பொருளில் பல நாடுகளில் பல பத்தாண்டுகளாக ஆய்வுகள் வந்துகொண்டிருக்கின்றன. உங்கள் ஆய்வேட்டைத் திருத்துகிறவர் இரண்டு நிமிடத்தில் அவற்றைக் கண்டுபிடித்துவிடுவார். கோளாறு தேடிய முறையில் இருக்கிறது.

தரவுத்தளம் பெரும்பாலும் எழுத்தை எழுத்தோடுதான் ஒப்பிடுகிறது. நீங்கள் 'நைட் டியூட்டி' என்று தேடினால், 'ஷிஃப்ட் வொர்க்' என்று எழுதியவரின் கட்டுரை கண்ணில் படாமலே போகலாம். ஆகவே கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்து மூன்று பத்திகள் போடுங்கள்: யார், எந்தச் சூழல், என்ன விளைவு. முதல் பத்தியில் நர்ஸ், நர்சிங் ஸ்டாஃப், ஹெல்த்கேர் வொர்க்கர். இரண்டாவதில் நைட் ஷிஃப்ட், ஷிஃப்ட் வொர்க், நைட் வொர்க், ரொட்டேட்டிங் ஷிஃப்ட். மூன்றாவதில் ஸ்லீப் குவாலிட்டி, இன்சோம்னியா, ஸ்லீப் டிஸ்டர்பன்ஸ், ஸ்லீப் டிப்ரைவேஷன். ஒரே பத்திக்குள் இருக்கும் சொற்களை 'ஆர்' (அல்லது) போட்டு இணைத்து அடைப்புக்குறிக்குள் வையுங்கள். பத்திக்கும் பத்திக்கும் நடுவே 'ஆண்ட்' (மற்றும்) போடுங்கள். இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். சிறிய எழுத்தில் அடித்தால் சில தளங்கள் அவற்றைச் சாதாரணச் சொல்லாக எடுத்துக்கொள்ளும்.

அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட் தளம் இடமிருந்து வலமாக வரிசைப்படி கணக்கிடும். பல துறை இதழ்களைத் தொகுக்கும் வெப் ஆஃப் சயன்ஸ் தளம் 'ஆண்ட்' இணைப்பை முதலில் முடித்துவிட்டுத்தான் 'ஆர்' பக்கம் வரும். அடைப்புக்குறி இல்லாத ஒரே வரி இரண்டு தளங்களிலும் வெவ்வேறு பொருள் தரும். எண்ணிக்கை ஏன் மாறுகிறது என்று தெரியாமல் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

இத்தனை சொற்களுக்கு எங்கே போவது? முதல் தேடலில் வந்த ஏழெட்டில் தலைப்புக்கு மிக நெருங்கிய இரண்டைத் திறங்கள். சுருக்கத்திலும் அதற்கடியில் உள்ள திறவுச்சொற்களிலும் ஆசிரியர்கள் எந்தச் சொல்லை ஆள்கிறார்கள் என்று பார்த்துத் தாளில் ஏற்றுங்கள். அடுத்து, தளமே கட்டுரைக்கு இட்டிருக்கும் பொருள் தலைப்பைப் பாருங்கள். பப்மெட்டில் இதற்கு 'மெஷ்' என்று பெயர். உங்கள் பொருளுக்குரிய மெஷ் தலைப்புகளில் ஒன்று 'வொர்க் ஷெட்யூல் டாலரன்ஸ்'. யாரும் தானாக யோசித்து இந்தச் சொல்லுக்கு வந்துவிட முடியாது. நல்ல கட்டுரை ஒன்றின் பக்கத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். மெஷ் தலைப்பையும் உங்கள் சொற்களையும் 'ஆர்' போட்டுச் சேர்த்துத் தேடுங்கள். புதிதாக வந்த கட்டுரைகளுக்கு மெஷ் தலைப்பு இடப்படாமல் இருக்கலாம் என்பதால் ஒன்றை மட்டும் நம்பக் கூடாது.

இன்னொரு வழி, அளவுகோலின் பெயரால் தேடுவது. தூக்கத்தை அளக்கும் ஆய்வுகளில் பல, 1989-இல் வெளியான பிட்ஸ்பர்க் ஸ்லீப் குவாலிட்டி இண்டெக்ஸைப் பயன்படுத்துகின்றன. அந்தப் பெயரையும் 'நர்ஸ்' என்பதையும் சேர்த்தாலே, தலைப்பில் இரவுப் பணி என்ற சொல்லே இல்லாத நல்ல ஆய்வுகள் மேலே வரும்.

நட்சத்திரக் குறி பற்றி ஓர் எச்சரிக்கை. 'நர்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகளோடு நட்சத்திரத்தைச் சேர்த்தால் நர்ஸ், நர்சஸ், நர்சிங் எல்லாம் வரும். கூடவே குழந்தைகள் காப்பகத்தையும் நாற்றங்காலையும் குறிக்கும் 'நர்சரி'யும் வரும். சொல்லை எந்த எழுத்தில் வெட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். பப்மெட்டில் நட்சத்திரம் போட்டால், அந்தச் சொல்லுக்கு ஒத்த மெஷ் தலைப்பை அது தானாகச் சேர்த்துக்கொள்ளும் வசதி நின்றுவிடும். கூகுளின் கட்டுரைத் தேடல் தளமான கூகுள் ஸ்காலரில் இந்தக் குறிக்கு வேலையே இல்லை.

மேற்கோள் குறிக்குள் 'ஸ்லீப் குவாலிட்டி' என்று அடித்தால் 'குவாலிட்டி ஆஃப் ஸ்லீப்' என்று எழுதியவர்கள் விடுபடுவார்கள். வெப் ஆஃப் சயன்ஸில் இரு சொற்களுக்கு நடுவே 'நியர்' என்று பெரிய எழுத்தில் இட்டு, சாய்கோடும் 3 என்ற எண்ணும் சேருங்கள். இடையில் மூன்று சொற்கள் வரை இருந்தாலும், முன்பின் மாறி இருந்தாலும் பிடித்துக்கொடுக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஏழெட்டுதான் வருகிறது என்றால், அப்போது உங்கள் தோழி சொன்னதைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: எனக்கு நேர் எதிர்த் தொல்லை. தேடினால் 40,000 கட்டுரைகள் வருகின்றன. எங்கே தொடங்குவது?
– கல்வியியல் ஆய்வாளர்

முழு உரையிலும் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஏதோ ஒரு பக்கத்தின் அடிக்குறிப்பில் உங்கள் சொல் வந்திருந்தாலும் அந்தக் கட்டுரை கணக்கில் சேர்ந்துவிடும். தேடலைத் தலைப்பு, சுருக்கம், திறவுச்சொல் என்ற மூன்று புலங்களுக்குள் அடக்குங்கள். எண்ணிக்கை பெரும்பாலும் பல மடங்கு இறங்கும்.

அதற்கடுத்து, கட்டுரை வகையில் 'ரிவ்யூ' என்பதைத் தேர்ந்து, முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து அலசும் மீளாய்வுக் கட்டுரைகளில் கடைசி ஐந்தாண்டுகளில் வந்தவற்றை மட்டும் முதலில் படியுங்கள். அந்தத் துறையில் யார் யாரோடு முரண்படுகிறார்கள், எது தீர்ந்துபோன கேள்வி, எது தீராதது என்பதை மீளாய்வு எழுதியவர்கள் பிரித்து வைத்திருப்பார்கள். இரண்டு நல்ல மீளாய்வுகளைப் படித்தபின் உங்கள் கேள்வியே குறுகும். கேள்வி குறுகினால் தேடலும் குறுகும்.

எண்ணிக்கையைக் குறைக்க 'நாட்' போடுவதை மட்டும் தவிருங்கள். தொடக்கப் பள்ளி வேண்டாம் என்று நினைத்து அந்தச் சொல்லை 'நாட்' போட்டு விலக்கினால், தொடக்கப் பள்ளியையும் மேல்நிலைப் பள்ளியையும் ஒப்பிட்ட கட்டுரையும் சேர்ந்து போய்விடும். அது உங்களுக்கு மிகவும் தேவையான கட்டுரையாக இருக்கக்கூடும். போனது உங்களுக்குத் தெரியவும் வராது.

கேள்வி: கூகுள் ஸ்காலர் மட்டும் போதாதா? இலவசம், எளிது, எல்லாம் வருகிறது. நெறியாளர் ஏன் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் என்ற சந்தாத் தளங்களில் தேடச் சொல்லி வற்புறுத்துகிறார்?
– முனைவர் பட்ட ஆய்வாளர்

2004-இல் வந்த கூகுள் ஸ்காலர் அருமையான கருவிதான். நூல், ஆய்வேடு, மாநாட்டுக் கட்டுரை என்று அது வீசும் வலை மிகப் பெரியது. ஒரு பருவக் கட்டுரைக்கு அது போதும் என்றே சொல்வோம். ஆய்வேட்டுக்குப் போதாது. காரணங்கள் இவை.

எத்தனை லட்சம் முடிவுகள் என்று மேலே எழுதியிருந்தாலும் ஒரு தேடலுக்கு அதிகபட்சம் 1,000 முடிவுகளைத்தான் காட்டும். எந்த இதழ்களை எடுத்துக்கொள்கிறது என்ற முழுப் பட்டியல் வெளியில் இல்லை. தேடல் வரி 256 எழுத்துகளைத் தாண்டினால் ஏற்காது; முதல் பதிலில் சொன்ன மூன்று பத்திச் சொற்களும் அதற்குள் அடங்க மாட்டா. பொருள் தலைப்பு வசதி இல்லை. தரமற்ற இதழும் தரமான இதழும் ஒரே வரிசையில் நிற்கும். தேதிப்படி அடுக்கச் சொன்னால் அண்மை ஓராண்டில் சேர்ந்தவற்றை மட்டும் காட்டும். இது தெரியாமல் "பழைய ஆய்வே இல்லை" என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு.

துறைக்குரிய தளத்தில் கட்டாயம் ஒருமுறை தேடுங்கள். மருத்துவம், உயிரியல் என்றால் பப்மெட். கல்வியியலுக்கு எரிக். உளவியலுக்கு சைக்இன்ஃபோ. மின்னணுவியலுக்கு ஐ.இ.இ.இ. எக்ஸ்ப்ளோர். கணினி அறிவியலுக்கு டி.பி.எல்.பி. பொருளியலுக்கு ரெபெக். இயற்பியலும் கணிதமும் என்றால், 1991-இல் தொடங்கிய ஆர்க்கைவ் என்னும் முன்பதிப்புத் தளம். ஆனால் அங்கே இருப்பவற்றில் பல, சக அறிஞர் மதிப்பீட்டுக்கு முந்தைய வடிவங்கள் என்பதை நினைவில் வையுங்கள். பல்கலைக்கழகம் ஸ்கோபஸுக்குச் சந்தா கட்டவில்லை என்றால், 2022-இல் வந்த ஓப்பன்அலெக்ஸ் இலவசமாகவே பெரும் பரப்பில் தேடித்தரும். ஜேஸ்டோர் பழைய இதழ்களுக்குப் பொன்னான இடம். ஆனால் அங்கே பல இதழ்களின் கடைசி மூன்று முதல் ஐந்தாண்டு இருக்காது; பதிப்பாளரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அப்படி. அங்கு மட்டும் தேடி "அண்மை ஆய்வு இல்லை" என்று எழுதினால் தவறாகிவிடும்.

ஒரே தளத்தை நம்புவதன் விலை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு ஒரு துயரமான உதாரணம் உண்டு. 2001-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆஸ்துமா ஆய்வு ஒன்றில், ஹெக்ஸாமெத்தோனியம் என்ற வேதிப்பொருளை மூச்சுவழி உள்ளிழுத்த 24 வயதுத் தன்னார்வலர் உயிரிழந்தார். அந்தப் பொருளால் நுரையீரலுக்குக் கேடு வரலாம் என்று 1950-களிலேயே கட்டுரைகள் வந்திருந்தன. ஆய்வுக்கு முன் நடந்த தேடலில் அவை சிக்கவில்லை. அப்போது பப்மெட்டின் தேடல் 1966 வரைதான் பின்னோக்கிச் சென்றது. எந்தத் தளத்தில் தேடினாலும் அது எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறது என்று உதவிப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அருமையான கட்டுரை ஒன்றே ஒன்று கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பிடிக்க முடியுமா?
– சமூகவியல் மாணவர்

முடியும். சொல்லைத் தேடுவதைவிடச் சில சமயம் இது வேகமான வழி. அந்தக் கட்டுரையின் துணைநூற் பட்டியலில் இறங்கினால் அதற்கு முந்தைய ஆய்வுகள் கிடைக்கும். அதை மேற்கோள் காட்டியவர்களைப் பார்த்தால் அதற்குப் பிந்தையவை கிடைக்கும். பின்னால் சொன்ன வழிக்கு அமெரிக்கத் தகவல் அறிவியலாளர் யூஜின் கார்ஃபீல்ட் 1955-இல் யோசனை சொன்னார். 1964-இல் சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் என்ற அவருடைய மேற்கோள் அட்டவணை வெளியானது. இன்றைய வெப் ஆஃப் சயன்ஸ் அதன் வழிவந்ததே.

கூகுள் ஸ்காலரில் கட்டுரைக்குக் கீழே 'சைட்டட் பை' என்று ஓர் எண் இருக்கும். அதை அழுத்துங்கள். 900 கட்டுரைகள் வந்தால் மலைக்க வேண்டாம். பக்கத்தின் மேலே, மேற்கோள் காட்டிய கட்டுரைகளுக்குள் மட்டும் தேடு என்ற கட்டம் இருக்கும். அதில் குறியிட்டு, உங்கள் ஆய்வுக்கே உரிய ஒரு சொல்லை இடுங்கள். 900 முப்பதாகும்.

இந்த வழியில் ஒரு பள்ளம் உண்டு. மேற்கோள் சங்கிலி உறவினர்களின் சங்கிலி போன்றது. ஒரே கருத்துள்ளவர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொண்டே போவார்கள். எதிர்க்கருத்துக்காரர்கள் வேறு சொற்களில், வேறு இதழ்களில் எழுதிக்கொண்டிருப்பார்கள். இந்தச் சங்கிலியில் அவர்கள் தென்படவே மாட்டார்கள். ஆகவே வெவ்வேறு கருத்துள்ள மூன்று கட்டுரைகளிலிருந்து தனித்தனியே தொடங்குங்கள். சொல் வழித் தேடலையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: தேவையான கட்டுரையைத் திறந்தால் பணம் கேட்கிறது. பத்துக் கட்டுரைக்குப் பணம் கட்ட என்னால் முடியாது.
– இளநிலை இறுதியாண்டு மாணவி

கட்ட வேண்டியதும் இல்லை. இந்த வரிசையில் முயலுங்கள்.

முதலில் உங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் வழியாக உள்நுழையுங்கள். வளாகத்துக்கு வெளியிலிருந்து பதிப்பாளர் தளத்துக்கு நேராகப் போனால், நீங்கள் யார் என்று அதற்குத் தெரியாது. சந்தா இருந்தும் பணம் கேட்கும். மாணவர்களிடமிருந்து வரும் புகார்களில் கணிசமானவை இவ்வளவுதான். கூகுள் ஸ்காலரின் அமைப்புகளில் நூலக இணைப்புகள் என்ற பகுதியில் உங்கள் பல்கலைக்கழகத்தைச் சேர்த்துவிட்டால், நூலகத்தில் உள்ள கட்டுரைகளுக்குப் பக்கத்திலேயே இணைப்பு தெரியும். ஐந்து நூலகங்கள் வரை சேர்க்கலாம்.

கிடைக்கவில்லையா? ஸ்காலர் முடிவின் கீழே 'ஆல் வெர்ஷன்ஸ்' என்பதை அழுத்துங்கள். அதே கட்டுரையை ஆசிரியர் தம் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இட்டிருக்கலாம். அன்பேவால் என்ற உலாவி நீட்சியை நிறுவிக்கொண்டால், சட்டப்படி இலவசமான பிரதி எங்காவது இருக்கும்போது பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் பூட்டு தோன்றும். கோர், பேஸ் என்ற இரண்டு தளங்களும் பல்கலைக்கழகக் களஞ்சியங்களைத் திரட்டித் தருபவை. பேஸ் ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழக நூலகம் நடத்துவது.

அதிலும் இல்லை என்றால், கட்டுரையின் முதல் பக்கத்தில் தொடர்புக்குரிய ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும். நான்கு வரி போதும்: நீங்கள் யார், எந்தக் கட்டுரை, எதற்குத் தேவை, நன்றி. பலர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். தங்கள் ஆய்வை ஒருவர் படிக்கக் கேட்பது அவர்களுக்கு மனநிறைவான செய்தி. கடைசியாக, நூலகங்களுக்கிடையிலான இரவல். நூலகரிடம் படிவம் கேளுங்கள். சில நாள் ஆகும், ஆகவே கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

இலவசப் பிரதியில் ஒன்றைக் கவனியுங்கள். மதிப்பீட்டுக்கு முந்தைய முன்பதிப்பு, மதிப்பீடு முடிந்து ஏற்கப்பட்ட கைப்படி, இதழில் வந்த இறுதி வடிவம் என ஒரே கட்டுரைக்கு மூன்று முகங்கள் உண்டு. கைப்படியில் பக்க எண் 1-இலிருந்து தொடங்கும்; இதழில் அது 213 ஆக இருக்கும். பக்க எண்ணோடு மேற்கோள் காட்டுவதானால் இறுதி வடிவத்தைப் பார்த்தே எழுத வேண்டும். முன்பதிப்பில் இருந்த எண்கள் மதிப்பீட்டுக்குப் பின் மாறியிருக்கவும் வாய்ப்புண்டு.

கேள்வி: ஒரு கட்டுரை இன்னொரு பழைய கட்டுரையை மேற்கோள் காட்டுகிறது. பழையதைத் தேடிப் படிக்காமல், அவர் சொன்னதை வைத்தே பழையதை என் பட்டியலில் சேர்க்கலாமா? எல்லோரும் செய்கிறார்களே.
– முதுகலை மாணவர்

எல்லோரும் செய்ததால் என்ன ஆயிற்று என்று பாருங்கள். 1980-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்று, போதைத்தன்மையுள்ள வலிநிவாரணி கொடுக்கப்பட்ட 11,882 நோயாளிகளில், முன்பு அடிமைப் பழக்கம் இல்லாதவர்களிடையே 4 பேருக்கு மட்டுமே அடிமைத்தனம் உறுதியாகத் தெரிந்தது என்று அது சொன்னது. மருத்துவமனையின் கண்காணிப்புக்குள் இருந்தவர்களைப் பற்றிய செய்தி அது. வீட்டுக்குக் கொண்டுபோய் மாதக்கணக்கில் மாத்திரை உண்பவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

2017-இல் அதே இதழில் ஓர் அலசல் வந்தது. அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 வெளியீடுகளில் 439, அடிமையாவது அரிது என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டியிருந்தன. 491 வெளியீடுகள், அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதையே குறிப்பிடவில்லை. வட அமெரிக்காவில் ஓபியாய்ட் என்னும் இவ்வகை வலிநிவாரணிகளால் நேர்ந்த பேரழிவுக்கு இந்தத் தவறான மேற்கோளும் துணைபோனது என்பது அந்த அலசலின் முடிவு. ஐந்து வாக்கியத்தைத் திறந்து படிக்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

மூலத்தைத் தேடிப் படியுங்கள். அது எங்கேயும் கிடைக்காத அரிய நூல் என்றால் மட்டும், "இன்னார் மேற்கோள் காட்டியபடி" என்று உரையில் வெளிப்படையாக எழுதி, நீங்கள் உண்மையில் படித்த நூலைப் பட்டியலில் சேருங்கள். அப்படி ஆய்வேடு முழுவதிலும் இரண்டு மூன்று இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு உரையாடியிடம் கேட்டேன். 15 கட்டுரைகள் தந்தது. நான்கைத் தேடியும் காணவில்லை. மற்றவற்றை நம்பலாமா?
– மேலாண்மைத் துறை மாணவி

ஒவ்வொன்றையும் சரிபார்க்காமல் நம்பக் கூடாது. அந்தக் கருவி ஒரு பட்டியலைப் புரட்டிப் பார்த்துப் பதில் சொல்லாமல், அடுத்து எந்தச் சொல் வரப் பொருத்தம் என்று கணித்து எழுதியிருந்தால், மேற்கோளும் அப்படியே உருவாகியிருக்கும். உண்மையான ஆசிரியர், உண்மையான இதழ், பொருத்தமான ஆண்டு எல்லாம் இருக்கும். அப்படி ஒரு கட்டுரை மட்டும் இருக்காது. இணையத்தில் தேடிச் சொல்லும் கருவிகளில் இது குறைவு. ஆனாலும் இருக்கிற கட்டுரையில் இல்லாத முடிவை ஏற்றிச் சொல்வது அங்கேயும் நடக்கும்.

கட்டுரைக்கென்றே தரப்படும் நிலையான அடையாளமான டி.ஓ.ஐ. எண் எப்போதும் 10 என்ற எண்ணோடும் ஒரு புள்ளியோடும் தொடங்கும். அதை டி.ஓ.ஐ. தளத்தில் இட்டால் கட்டுரைப் பக்கம் திறக்க வேண்டும். திறந்த பக்கத்தில் வேறு தலைப்பு இருந்தால் அது போலி. பொய்யான மேற்கோளில் உண்மையான வேறொரு கட்டுரையின் எண் ஒட்டியிருப்பதும் உண்டு. எண் இல்லையென்றால் முழுத் தலைப்பையும் மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடுங்கள்; பிறகு அந்த இதழின் தளத்தில் குறிப்பிட்ட தொகுதியின் பொருளடக்கத்தைத் திறந்து பக்க எண்ணைச் சரிபாருங்கள். பழைய கட்டுரைகளுக்கும் பல நூல்களுக்கும் டி.ஓ.ஐ. இல்லாமலிருக்கலாம், அதை வைத்து மட்டும் போலி என்று ஒதுக்காதீர்கள். கட்டுரை இருப்பது உறுதியானபின் சுருக்கத்தையாவது படித்து, கருவி சொன்னது அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் கருவிகளை இணைச்சொற்கள் கேட்கப் பயன்படுத்துங்கள். முதல் பதிலில் சொன்ன மூன்று பத்திகளை நிரப்ப அவை நன்றாகவே உதவும். தவறான சொல் வந்தாலும் தேடலில் வெறும் பூஜ்யம் வரும், அவ்வளவுதான்.

கேள்வி: 'ஸ்கோபஸில் உள்ள இதழ்' என்று போட்டிருக்கிறது. அப்படியானால் தரமான இதழ்தானே?
– வணிகவியல் ஆய்வாளர்

இதழ் தன்னைப் பற்றிச் சொல்வதை இதழின் தளத்தில் சரிபார்க்க முடியாது. ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலைச் சந்தா இல்லாமலே பார்க்கலாம், அங்கே இதழின் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என்.-ஐ இட்டுத் தேடுங்கள். பெயரை வைத்துத் தேடினால் ஒரே மாதிரிப் பெயரில் ஏமாறுவீர்கள். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை சேர்க்கப்பட்டது என்றும் பாருங்கள். தரக்குறைவால் நீக்கப்பட்ட இதழ்கள் பழைய முத்திரையை முகப்பில் வைத்தபடியே இருக்கும். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் திருடிப் போலித் தளம் நடத்துகிறவர்களும் இருப்பதால், ஸ்கோபஸ் பக்கத்திலிருந்து இதழின் தளத்துக்குப் போங்கள். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுகல் இதழ் என்றால், அத்தகைய இதழ்களுக்கான டி.ஓ.ஏ.ஜே. பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நல்ல இதழில் வந்த கட்டுரையும் பின்னர் திரும்பப் பெறப்பட்டிருக்கலாம். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்திய கட்டுரை 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 2010-இல்தான் திரும்பப் பெறப்பட்டது. நீங்கள் தரவிறக்கி வைத்திருக்கும் பழைய கோப்பில் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற முத்திரை இருக்காது. கட்டுரைகளையும் மேற்கோள் விவரங்களையும் திரட்டி வைக்கும் ஜோட்டிரோ மென்பொருளில் சேமித்தால், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைப் பட்டியலிடும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவைப் பார்த்து அதுவே சிவப்பு எச்சரிக்கை காட்டும்.

கேள்வி: 300 கோப்புகள் சேர்ந்துவிட்டன. எதைப் படித்தேன், எதில் என்ன இருந்தது என்றே நினைவில்லை.
– முனைவர் பட்ட ஆய்வாளர்

ஜோட்டிரோ இலவசம், அதில் தொடங்குங்கள். உலாவியின் இணைப்பானை நிறுவி, கோப்பின் பக்கத்திலிருந்து சேமிக்காமல், கட்டுரையின் சுருக்கம் உள்ள பக்கத்திலிருந்து சேமியுங்கள். அப்போதுதான் ஆசிரியர், தொகுதி, பக்கம் எல்லாம் சரியாக வரும். சேமித்த உடனே பத்து விநாடி ஒதுக்கி விவரங்களைப் பாருங்கள். தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் வருவது, ஆசிரியரின் முன்பெயரும் பின்பெயரும் இடம் மாறுவது, ஆண்டு விடுபடுவது ஆகியவை அடிக்கடி நேரும் தவறுகள். இவற்றை அப்போதே திருத்தாவிட்டால் கடைசி வாரத்தில் 300-ஐயும் திருத்துவீர்கள். கணினிகளுக்கிடையே ஒத்திசைவுக்கு இலவச இடம் 300 எம்.பி. மட்டுமே, கோப்புகள் அதைத் தாண்டும்போது கட்டுரை விவரப் பதிவுகள் தொடர்ந்து ஒத்திசையும், கோப்புகள் நின்றுவிடும். தனியே ஒரு காப்பு நகல் வையுங்கள்.

இனிப் படிப்பு. ஓர் அட்டவணையில் கட்டுரைக்கு ஒரு வரி: ஆய்வுக் கேள்வி, எத்தனை பேரிடம், எந்த முறை, முக்கிய முடிவு, ஆசிரியரே ஒப்புக்கொள்ளும் குறை, என் ஆய்வில் எங்கே பயன்படும். கடைசிப் பத்திதான் மிக முக்கியம். அது நிரம்பாத கட்டுரை உங்களுக்கு வேண்டாத கட்டுரை. முடிவை உங்கள் சொல்லில் எழுதுங்கள். அப்படியே நகலெடுத்த வரி என்றால் மேற்கோள் குறியும் பக்க எண்ணும் அப்போதே போடுங்கள். ஆறு மாதம் கழித்து எது உங்கள் வாக்கியம், எது அவருடையது என்று உங்களாலேயே பிரிக்க முடியாது. கருத்துத்திருட்டில் சிக்குகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தெரியாமல் தவறுகிறார்கள்.

கேள்வி: ஒரே ஆசிரியர் பெயர் மூன்று விதமாக வருகிறது. ஒருவரா, மூவரா?
– நூலக அறிவியல் மாணவர்

ஆர்க்கிட் எண்ணைப் பாருங்கள். 2012 முதல் ஆய்வாளர்களுக்கு வழங்கப்படும் 16 இலக்க அடையாளம் அது. இல்லையென்றால் பணியாற்றும் நிறுவனத்தையும் இணை ஆசிரியர்களையும் ஒப்பிடுங்கள். தலைப்பெழுத்து முன்னும் பின்னும் மாறுவது, திருமணத்துக்குப் பின் பெயர் மாறுவது, பிறமொழிப் பெயரை வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் எழுதுவது ஆகிய மூன்றும்தான் வழக்கமான காரணங்கள். தேடும்போது எல்லா வடிவங்களையும் 'ஆர்' போட்டு இணைத்துவிடுங்கள்.

கேள்வி: எத்தனை கட்டுரை படித்தால் போதும்? எப்போது நிறுத்துவது?
– எம்.ஃபில். முடித்து ஆய்வில் சேர்ந்தவர்

எண் சொல்ல முடியாது. புதிய கட்டுரையைத் திறந்து அதன் துணைநூற் பட்டியலைப் பார்க்கும்போது, உங்கள் கேள்விக்குரியவை ஏறத்தாழ எல்லாமே நீங்கள் ஏற்கெனவே படித்தவையாக இருக்கும். இரண்டு மூன்று தளங்களில், வெவ்வேறு சொற்களில் தேடியும் தொடர்ந்து அப்படியே நடந்தால், நிறுத்தி எழுதத் தொடங்கலாம்.

அதுவரை செய்த தேடலைப் பதிவேட்டில் வைத்திருக்கிறீர்களா? தேதி, தளம், தேடிய வரி அப்படியே, வடிகட்டிகள், வந்த எண்ணிக்கை, எடுத்துக்கொண்ட எண்ணிக்கை என ஆறு பத்திகள் போதும். முறைசார் மீளாய்வு எழுதுகிறவர்களுக்கு இது கட்டாயம். அத்தகைய மீளாய்வில் எவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லும், 27 கூறுகள் கொண்ட பிரிஸ்மா 2020 வழிகாட்டியில், எந்தக் கட்டத்தில் எத்தனை கட்டுரை விலக்கப்பட்டது என்ற வரைபடமும் கேட்கப்படுகிறது. மற்றவர்களுக்கும் வாய்மொழித் தேர்வில் "எப்படித் தேடினீர்கள்?" என்ற கேள்வி வரும்.

நிறுத்தும் நாளில், உங்கள் சிறந்த தேடல் வரிகளுக்கு ஒவ்வொரு தளத்திலும் மின்னஞ்சல் அறிவிப்பு வைத்துவிடுங்கள். ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு மூன்று வாரம் முன்பு, பதிவேட்டில் உள்ள அதே வரிகளைக் கடைசியாகத் தேடிய தேதிக்குப் பின் வந்தவற்றுக்கு மட்டும் ஒருமுறை ஓட்டுங்கள். புதிதாக நான்கைந்து வரும். அவற்றைச் சேர்க்க அந்த மூன்று வாரம் போதும்.